வேகம் போதவில்லையா?

நெய்வேலி நகரியத்திலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: “பையன் கிளவுட் கேமிங் ஆடும்போது படம் திக்கித் திக்கி வருகிறது. 100 எம்பிபிஎஸ் போதாது, 300 வேண்டும் என்று உயிரை வாங்குகிறான். என்ன செய்ய?”

பணத்தை எடுக்காதீர்கள், அம்மணி! ஆட்டம் நடப்பது எங்கோ உள்ள கணினியில். வீட்டுக்கு வருவது படம் மாத்திரமே. ஜீஃபோர்ஸ் நவ் 1080பி படத்துக்குக் கேட்பதே 25 எம்பிபிஎஸ்தான். பொத்தானை அழுத்திய சேதி போய்த் திரும்பும் தாமதம்தான் பெரும்பாலும் வில்லன்.

ரூட்டரிலிருந்து லேன் கேபிளை நேரே செருகி ஆடச் சொல்லுங்கள். ஒழுங்காக ஓடினால் குற்றவாளி வைஃபை. ரூட்டரைப் பையன் ஆடும் அறைக்கருகே வைத்து, 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். 2.4-இல் அண்டை வீட்டு வைஃபையும் குறுக்கிடும். உங்கள் மைக்ரோவேவ் அடுப்பும்தான்! (அதற்காகச் சமையலை நிறுத்திவிடாதீர்கள்.) கேபிளிலும் திக்கினால், இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டு லைனைப் பார்க்கச் சொல்லுங்கள்.