ராஜராஜனும் தினத்தந்தியும்



தலைப்பைப் பார்த்துட்டு, "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் ஏன்டா முடிச்சுப் போடுறே?" என்று ரூம்மேட் சிரித்தான். நியாயம்தான். ஒருவர் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சோழ மாமன்னர். இன்னொன்று, காலையில் படித்து மாலையில் வடை மடிக்கிற பேப்பர். ஆனால் இரண்டுமே எழுத்தை நம்பியவை.

ராஜராஜன் 1010-ல் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தார். கொடுத்த பொன், நகை, நிலம் அத்தனையையும் கல்லில் வெட்டச் சொன்னார். ஆடல் மகளிர் 400 பேரின் பெயர், தெரு, வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று துல்லியமான கணக்கு. சிவில் நண்பர்களே, பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அதில் இருக்கு! இதுக்காகவே மன்னருக்கு ஒரு சல்யூட்.

ஆனால் என்ன ஆச்சு? எழுத்தின் வடிவம் மாறியது. படிக்கத் தெரிந்தவர் குறைந்தனர். கோயிலைக் கட்டியவர் யார் என்பதே மறந்து போனது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்துச் சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. கல் இருந்தது, படிக்க ஆள் இல்லை!

1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் பாரிஸ்டர் படித்தவர். ஆனாலும் பண்டிதத் தமிழ் வேண்டாம் என்றார். சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, படம். பரபரப்பு ஜாஸ்தி என்று குறை சொல்பவர்கள் உண்டு, நானும் மறுக்கலை. ஆனா ரெண்டாம் வகுப்போடு நின்ன எங்கப்பா, டீக்கடை பெஞ்சில் 'கன்னித்தீவு' படக்கதையை எழுத்துக்கூட்டித்தான் படிக்கக் கற்றார். அந்தத் தாள் அன்றைக்கே கிழிஞ்சிருக்கும். எழுத்து அவரிடம் நின்னுடுச்சு.

போன லீவில் என் டிராயிங் ஷீட்டைப் பார்த்து, "இதுல என்னப்பா எழுதியிருக்கு?" என்றார். 'செக்‌ஷன்', 'எலிவேஷன்' என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். தமிழில் விளக்க வாய் வரலை. முப்பது வருஷமாகச் சுவர் எழுப்பும் கொத்தனார் முன்னால், என் ஷீட் ஒரு கல்வெட்டாக நின்றது.

தோழர்களே, கல்லா காகிதமா என்பது பெரிசில்லை. எதிரே நிற்பவருக்குப் புரியுதா என்பதே கேள்வி. எங்க வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன் நான். நான் படிச்சது அப்பாவுக்கே புரியலைன்னா அந்தப் படிப்பு எதுக்கு?

அடுத்த லீவில் அதே ஷீட்டோடு அவர் பக்கத்தில் உட்காரப் போறேன். "செக்‌ஷன்னா, பலாப்பழத்தை வெட்டி உள்ளே பார்க்கிற மாதிரி வீட்டை வெட்டிப் பார்க்கிறதுப்பா" என்று ஆரம்பிப்பேன்.

நீங்களும் செய்யுங்கள்.

- இரண்டாமாண்டு, சிவில்