பந்து தட்டும் முற்றம்

மட்டக்களப்பில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு புளியந்தீவுப் பக்கம் போனால், புனித மிக்கேல் கல்லூரியில் பந்து தரையில் தட்டும் சத்தம் கேட்கும். போன கிழமை பெரியப்பாவை அங்கே கூட்டிப் போனேன். அவர் அந்தப் பாடசாலையில் படித்தவர். வயது எழுபத்தேழு, முழங்காலில் வருத்தம். நாங்கள் நின்ற இடத்துக்கு ஒரு பந்து உருண்டு வந்தது. பெரியப்பா குனிந்து எடுத்தார். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடித்து, நெஞ்சுக்கு நேரே வைத்து ஒரு தள்ளு. பந்து நேராகப் போய் எதிரே நின்ற பையனின் கைக்குள் விழுந்தது.

"இது ஹேபியர் பாதர் பழக்கினது, தம்பி" என்றார்.

பையனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. "அவர் எப்ப செத்தவர், ஐயா?" என்று கேட்டான்.

பெரியப்பா பதில் சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி எங்களோடே வந்தது.

அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். மட்டக்களப்பில் ஆங்கிலக் கல்வி 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியாரோடு வந்தது. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடக்கியது. கத்தோலிக்கரின் மிக்கேல் கல்லூரி தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது 1873. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாகி, கிழக்கு மாகாணப் பணி பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகளின் கைக்குப் போனது. கல்லூரியைக் கட்டி எழுப்பியவர் என்று ஊர் இன்றும் நன்றியோடு சொல்வது பேர்டினன்ட் பொனெல் அடிகளாரின் பெயரைத்தான். பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்துத் துறவிகள் வந்தார்கள். கூடைப்பந்தும் அவர்களோடு வந்து இந்த ஊரில் வேர் விட்டது.

அவர்களில் ஒருவரான யூஜின் ஹேபியர் அடிகளார் லூசியானாவில் பிறந்தவர். 1948இல், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத நிலையில் இலங்கைக்கு வந்தார். மட்டக்களப்பிலும் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் படிப்பித்தார், கூடைப்பந்து பழக்கினார். கொழும்பின் பெரிய பாடசாலைகளோடு நேருக்கு நேர் நின்று ஆடலாம் என்ற துணிவை வாவிக்கரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் அவர். இந்தத் தீவில் கூடைப்பந்து என்றால் மட்டக்களப்பையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தப் பெருமை இந்த முற்றத்தில் விளைந்தது.

எங்கள் பெரியப்பா சைவர். நெற்றியில் திருநீறோடு போய், திருநீறோடு திரும்பி வந்தவர். கத்தோலிக்கப் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடினோம் என்று அவர் சொல்லும்போது குரல் நிமிர்ந்துவிடும்.

1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. நாடெங்கும் மிஷன் பாடசாலைகள் கை மாறின. மிக்கேல் கல்லூரி இன்று தேசிய பாடசாலை. ஆனால் சுவாமிமார் ஊரை விட்டுப் போகவில்லை. கல்லூரியின் அதிபராக இருந்த ஹரி மில்லர் அடிகளார், போர்க்காலத்தில் சமாதானக் குழுவில் நின்று, காணாமல் போன பிள்ளைகளின் விபரங்களைத் தாய்மாரிடம் கேட்டு எழுதினார். முதுமையில் அமெரிக்கா திரும்பியவர், அங்கே மனம் ஒட்டாமல் மட்டக்களப்புக்கே வந்து சேர்ந்தார்.

ஹேபியர் அடிகளாருக்கு அந்த முதுமை வாய்க்கவில்லை. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. ஆவணியில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். தமிழர் உயிர்களும் போயின. அயல் ஊர்க்காரர்களே ஒருவருக்கொருவர் அஞ்சிய நாட்கள் அவை. வாழைச்சேனையில் அகப்பட்டுக்கொண்ட கன்னியர்களுக்கு உதவ, அறுபத்தாறு வயதில் ஹேபியர் அடிகளார் புறப்பட்டுப் போனார். ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். அன்று மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் திரும்பியவர் வந்து சேரவில்லை. கூட வந்த தமிழ் இளைஞனும் வரவில்லை. இருவரின் உடலும் கிடைக்கவில்லை.

பையனின் கேள்விக்குப் பெரியப்பா ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது விளங்கும். சாவென்று சொல்ல உடல் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவும் வழியில்லை. மட்டக்களப்பில் ஆயிரக்கணக்கான வீடுகள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. அந்த வீடுகளின் துயரத்தையே இந்தக் கல்லூரியும் சுமக்கிறது.

அதிபர்களின் பெயர்ப்பலகையும் கட்டடம் திறந்த திகதியும் மட்டும் ஒரு பாடசாலையின் வரலாறு ஆகிவிடாது. யார் எதைப் பழக்கினார், யார் யாருக்காகப் போனார், யார் திரும்பவில்லை என்பதெல்லாம் சேர்ந்ததுதான் வரலாறு. அதில் பெரும்பகுதி இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களோடு அது போய்விடக்கூடாது.

உங்கள் வீட்டில் மிக்கேல் கல்லூரியில் படித்த பெரியவர் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பியோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். நான் பெரியப்பாவிடம் தொடங்கிவிட்டேன்.