நிலவறையும் பேஸ்மென்ற்றும்

ஓய்வூதியம் பெறும் வயதிலே பிள்ளைகளுடன் வாழப் பிறநாடு செல்பவர்களுட் சிலர், சென்று சேர்ந்த சில ஆண்டுகளில் எழுத்தாளராகிவிடுகின்றனர். கதை எழுதுகின்றனர், அதை நூலாக அச்சிட்டு, ஊருக்கு வந்து வெளியீட்டு விழாவும் எடுக்கின்றனர். இவர்களைப் பற்றி நம் எழுத்துலகில் ஓர் ஏளனம் உண்டு. “பொழுது போகவில்லை, எழுதுகிறார்கள்” என்பதே அது. அவ்வாறு சொன்னவர்களுள் நானும் ஒருவன், மேடையிலேயே சொன்னேன். சொன்னதை மீளப் பெற்றுக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

என்னுடன் நெடுங்காலம் கற்பித்த மூத்த ஆசிரியர் ஒருவர், மனைவியை இழந்தபின், அறுபத்தாறாம் வயதிலே மகளுடன் வாழ ரொறன்ரோவின் கிழக்கேயுள்ள ஸ்காபரோவுக்குச் சென்றார். கணிதம் கற்பித்தவர். அவர் கதை எழுதுவார் என்று எவரும் கனவிலும் எண்ணியதில்லை. இரண்டாண்டு கழித்து ஒரு கதை அனுப்பினார். “பண்டிதர், பிழை திருத்தித் தரவேண்டும்” என்று ஒரே ஒரு வரி உடன் வந்தது. கோயில் தேர், பனங்கூடல், கிணற்றடி யாவும் அதில் இருந்தன. பிழை மிகக் குறைவு. பாராட்டி எழுதினேன். உண்மையில் அக்கதையில் உயிர் இருக்கவில்லை. நாமெல்லாம் அறிந்த தேரை, நாம் அறிந்தபடியே இழுத்திருந்தார்.

அடுத்த கதை வேறு வகையினது. கிழவர் ஒருவர் மகள் வீட்டின் பேஸ்மென்ற்றில் வாழ்கிறார். மேலே நடக்கும் அடியோசையைக் கொண்டு இன்னார் வந்தார், இன்னார் போனார் என்று கணிக்கிறார். சுவரின் உச்சியில் ஒரு சிறு சாளரம்; அது வெளியே தரைமட்டத்தில் இருப்பதால் தெருவிற் போவோரின் சப்பாத்து மட்டுமே தெரியும். சப்பாத்தைக் கொண்டே அயலவரை அடையாளங் காணப் பழகிவிடுகிறார். மாரியில் வெண்பனி குவிந்து சாளரத்தை மூடுகிறது. பேரன் இறங்கி வந்து கைவாளியாற் பனியை அள்ளி எறிந்து, வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறான். அவ்வளவுதான் கதை.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பேஸ்மென்ற்றை வெட்டி ‘நிலவறை’ என்று எழுதினேன். ஹீற்றரை வெட்டிக் ‘கணப்பு’ என்றேன். தாளெங்கும் இரத்தக் களரி. சப்பாத்தை மட்டும் தொடவில்லை. அதுவும் போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல் என்பது, அலமாரியைத் திறந்து மேசைமீது தாளை விரித்து வைத்திருந்த எனக்கு, அப்பொழுது நினைவில் எழவில்லை!

மறுமொழி வந்தது. “பண்டிதர், நிலவறையில் அரசர் பொன்னை வைப்பர். பேஸ்மென்ற்றில் பிள்ளைகள் என்னை வைத்திருக்கின்றனர். இரண்டும் ஒன்றாகுமோ?” என்று கேட்டிருந்தார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இலக்கணம் கற்ற நான் இலக்கணத்தை மறந்தேன் என்பதே என் வெட்கம். இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் செய்யுளுக்கு உரிய சொல்லாக வகுத்தவர் தொல்காப்பியர். நன்னூலாரோ, செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தொடு, தமிழல்லாத பதினேழு நிலத்துச் சொற்களுக்கும் வாயில் திறந்தார். பதினேழுக்கு இடங்கொடுத்த வீடு பதினெட்டாவதாக வந்த கனடாவை வாசலிலே நிறுத்திவிடுமா? சொல்லுக்கு ஒப்பான தமிழ்ச்சொல் இருந்தால் அதனை எழுதுக என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. ஆனால் ஒப்பு என்பது அகராதியில் மட்டும் பார்க்கும் ஒப்பன்று.

ஊர் நினைவுகளை எழுதுவதுதானே முதியவர்க்கு இயல்பு என்பாருமுளர். மதுரை ஈழத்துப் பூதன்றேவனாரை நாம் ஈழத்தின் முதற் புலவராகக் கொண்டாடுகிறோம். அவர் பாடியனவாகச் சங்கத் தொகைகளில் ஏழு பாடல்கள் உள்ளன. அவற்றுள் கூடல் நகர் வருகிறது. ஈழத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பெரும்பாலானவை பாலைப் பாடல்கள் என்பது கருதத்தக்கது. பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுக்கவில்லை. பிரிவு நிகழுமிடமெல்லாம் அதற்கு இடமே. ஆனால் ஓதல், தூது, பகை, பொருள் என்று பிரிவுக்குக் காரணங்கள் கூறிய நம் முன்னோர், பெற்ற மகள் அழைக்க முதுமையிலே ஊரைப் பிரியும் பிரிவை எண்ணவில்லை. அன்று அதற்குத் தேவை இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அதனை அங்கே இருப்பவர் எழுதாமல் யார் எழுதுவது?

அ. முத்துலிங்கம் 1964இல் ‘அக்கா’ என்ற தொகுதியை வெளியிட்டவர். தொழில் நிமித்தம் பல தேசங்களில் வாழ்ந்து, 1995இலேதான் ‘திகடசக்கரம்’ என்ற அடுத்த தொகுதியைத் தந்தார். முப்பத்தோராண்டு இடைவெளி. அதன்பின் அவர் கதைகளில் கொக்குவிலும் வந்தது. ஆபிரிக்காவும் கனடாவும் வந்தன. எங்கே நின்றாரோ அந்த மண்ணையும் அவர் பார்த்தார்.

அ. சிவானந்தனின் கதை இன்னும் ஆழமானது. 1923இல் பிறந்தவர், இங்கே வங்கியில் உயர்பதவி வகித்தவர். 1958 கலவரத்தின் பின் இலண்டன் சென்றார். அவர் சென்றிறங்கிய அதே ஆண்டில் அந்நகரின் நொற்றிங் ஹில்லில் கறுப்பினத்தவரைத் தாக்கினர். ஒரு தீயினின்று ஓடி இன்னொரு தீயைக் கண்டவர் அவர். நூலகத்திற் சிறுவேலையில் தொடங்கி நூலகராகி, இனவாதத்துக்கு எதிராகக் கட்டுரைகள் எழுதினார். நாவலோ 1997இலேதான் வெளிவந்தது: ‘வென் மெமரி டைஸ்’. எழுபதைக் கடந்த பின் முதல் நாவல்! அது இலங்கைக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறையைக் கூறுவது, ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. “அவரும் ஊரைத்தானே எழுதினார்?” என்று என்னை மடக்கலாம். ஆம், ஊரைத்தான் எழுதினார். ஆனால் ஏங்கி எழுதவில்லை. மக்களை எது பிரித்தது என்று, நாற்பதாண்டு வேற்று மண்ணில் நின்று கற்ற கண்ணால் விசாரித்து எழுதினார். என் நண்பரின் தேரில் இல்லாதது அந்த விசாரணையே. 2018இல் அவர் மறைந்தபோது நம் பாடசாலைகளில் எத்தனை பேர் அவர் பெயரை அறிந்திருந்தனர் என்று கேட்டால் நாணவேண்டியிருக்கும்.

நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கணக்கில் விடை பிழைத்தாலும் வழிக்குப் புள்ளி உண்டு என்றார். சென்ற மாதம் மூன்றாவது கதை வந்தது. பேஸ்மென்ற் இருக்கிறது, ஹீற்றர் இருக்கிறது, பேரனின் சப்பாத்து முன்னிலும் பெரிதாகியிருக்கிறது. சந்திப்பிழை இரண்டை மட்டும் திருத்தி அனுப்பினேன். வல்லொற்று மிகவேண்டிய இடத்தில் மிகத்தான் வேண்டும். அது கனடாவிலும் மிகும்.