‘வாழும்’ என்று எழுதுவதிலுள்ள பிழை

‘சூரியன் கிழக்கில் உதிக்கும்’, ‘நாளை மழை பெய்யும்’ ஆகிய இரண்டுக்கும் தமிழில் வினைவடிவம் ஒன்றே. முன்னது மாறா இயல்பு, பின்னது எதிர்பார்ப்பு. கேட்பவர் உலகறிவால் வேறுபடுத்திக்கொள்வதால் அன்றாடப் பேச்சில் இதனால் கேடில்லை. மீகனத் தனிமங்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் அந்த வசதி இல்லை. ‘ஃபிளெரோவியம்-298 நீண்டகாலம் வாழும்’ என்று படிக்கும் மாணவர், அந்த ஐசோடோப்பின் ஓர் அணுகூட இதுவரை உருவாக்கப்படவில்லை என்பதை எவ்வாறு அறிவார்?

ஃபிளெரோவியத்தின் புரோட்டான்கள் 114. ரஷ்யாவின் டூப்னாவில் புளுட்டோனியம்-244 மீது கால்சியம்-48ஐ மோதச்செய்து அதை உருவாக்கினர். நன்கு உறுதிசெய்யப்பட்ட ஐசோடோப்புகளுள் மிகக் கனமானது ஃபிளெரோவியம்-289. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 2 வினாடி. அதிலுள்ள நியூட்ரான்கள் 175. கோட்பாடு எதிர்பார்க்கும் மாய எண்ணோ 184. இடையிலுள்ள ஒன்பது நியூட்ரான்களைச் சேர்க்கும் வழி இன்னும் கைகூடவில்லை. அந்த இரு கருக்களும் ஒன்றும் இழக்காமல் இணைந்தாலும் 178 நியூட்ரான்களே கிடைக்கும்.

கணிப்பு வெறுங்கற்பனை என்பது இதன் பொருளன்று. ஃபிளெரோவியம்-286இன் அரை ஆயுட்காலம் வினாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நியூட்ரான்கள் மூன்று கூடிய 289க்கு அது பன்மடங்கு பெருகுகிறது. போக்கு மெய். ஐயத்துக்குரியது எண். இத்தகைய கருவின் ஆல்ஃபா சிதைவு ஆற்றலைக் கணிப்பதில் ஒரு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் பிசகினால், அரை ஆயுட்காலம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மாறிவிடும். 1960களின் கணிப்புகளுள் சில நூறு கோடி ஆண்டுகள்வரை சென்றன. பிற்காலக் கணிப்புகள் பல நிமிடங்களுக்கும் நாட்களுக்கும் இறங்கின. இடையில் மாறியது கணக்கு மட்டுமே.

‘நிலையான’ என்னும் சொல்லும் இதே குழப்பத்தை வளர்க்கிறது. சிதைவே காணப்படாத ஈயம்-208க்கும் அச்சொல். சில நாள் நீடிக்கலாம் எனக் கருதப்படும் கருவுக்கும் அச்சொல். ‘நிலைத்தன்மைத் தீவு’ என்ற தொடரைக் கேட்பவர், அங்கே அழியாத தனிமங்கள் காத்திருப்பதாக எண்ணினால் குற்றம் அவருடையதன்று.

எளிமை கருதியே இவ்வாறு எழுதுவதாகச் சிலர் வாதிடுவர். ‘அளவிடப்பட்டது’, ‘கணிக்கப்படுகிறது’, ‘நீடிக்கக்கூடும்’ ஆகியவற்றுள் எது கடினமான தமிழ்? ஒரு சொல்லைச் சேர்க்கத் தயங்குவது எளிமையாகாது. அது வாசகரின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

கோவண்டியிலிருந்து டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் சில கிலோமீட்டர் தொலைவே. ஆயினும் இங்குள்ள தமிழ் மாணவருக்கு அணுக்கரு இயற்பியல் முதலில் வந்துசேர்வது தமிழ்க் கட்டுரை வழியாக இருக்கலாம். அளவீட்டையும் ஊகத்தையும் ஒரே குரலில் சொல்லும் கட்டுரை அவருக்குத் தவறான இயற்பியலைக் கற்பிக்கிறது; அதைவிடக் கேடாக, அறிவியல் என்பது அறிவிப்பு என்று கற்பிக்கிறது.

ஆகவே மீகனத் தனிமம் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் மூன்று செய்திகளைத் தர வேண்டும்: எண் அளவிடப்பட்டதா, கணிக்கப்பட்டதா; கணிப்பாயின் எந்த மாதிரியின்படி; பிற மாதிரிகள் எவ்வளவு விலகுகின்றன. இவற்றைத் தர இயலாதவர் அந்த எண்ணை எழுதாமல் விடுவதே முறை.