காசியில் ஒரு காலை யோகா... ஜூன் 22 அன்னிக்கு என்ன பண்றோம்?

டிரிப் போன ஊர்ல அதிகாலை நாலரைக்கு அலாரம் வெச்சு எழுந்திருக்கீங்களா? ரயிலைப் பிடிக்க இல்லை மக்களே, யோகா பண்ண! போன பிப்ரவரியில் வாரணாசி போயிருந்தப்போ நான் எழுந்தேன். லாட்ஜ்ல சொன்ன வழியில், சந்தையே அடைச்சுக்கிட்டுப் படுத்திருந்த மாடுகளைத் தாண்டி, அஸ்ஸி காட் போய்ச் சேர்ந்தப்போ இன்னும் இருட்டுதான்.

காசியின் படித்துறை வரிசையில் தெற்குக் கோடியில் இருக்கிறது அஸ்ஸி. 2014 நவம்பரிலிருந்து இங்கே தினமும் காலையில் 'சுபஹ்-ஏ-பனாரஸ்' நடக்குது. 'பனாரஸின் காலை'ன்னு அர்த்தம். முதலில் கங்கை ஆரத்தி, அப்புறம் சாஸ்திரிய சங்கீதம், கடைசியா யோகா. கட்டணம் கிடையாது. விரிப்பில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துட வேண்டியதுதான்.

காசியில் கங்கை வடக்குப் பக்கமா ஓடுது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில். அதனால எதிர்க்கரை மணல்வெளிக்கு மேல சூரியன் எழும்பும்போது வெளிச்சம் நேரா நம்ம முகத்துக்குத்தான் வரும். அந்த நேரத்துல நூத்துக்கணக்கான பேர் ஒண்ணா மூச்சை இழுத்து விடுற சத்தம் இருக்கே... எந்த ரீல்ஸ்லயும் அது சரியா கேட்காது.

மங்கி குல்லா போட்ட உள்ளூர்த் தாத்தாக்கள், பேக்பேக்கோட வந்த வெளிநாட்டுப் பசங்க, கல்லூரி மாணவிகள்னு கலவையான கூட்டம். எனக்குப் பக்கத்துப் படியில் ஓர் அம்மா. கும்பகோணம் பக்கத்துலேர்ந்து யாத்திரை வந்தவங்க. எல்லாரும் குனிஞ்சு நிமிர்ந்துட்டு இருக்க, அவங்க மட்டும் உட்கார்ந்தபடியே கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி மட்டும் செஞ்சாங்க.

"முட்டிதான் மடங்கல கண்ணு, மூச்சு நல்லாத்தான் ஓடுது"ன்னு சிரிச்சாங்க. "வீட்டுலயும் பண்ணுவீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "வீட்டுல ஏது நேரம்? இப்படி வெளியூர் வந்தாத்தான் காலை நேரம் நம்ம கைக்கு வருது."

ஊர் திரும்பின பிறகும் அந்த பதில் என்னை விடலை.

சாதனைமேல் சாதனை

ஜூன் 21-ஐ சர்வதேச யோகா தினமா ஐ.நா. பொதுச்சபை அறிவிச்சது 2014 டிசம்பர் 11-ல். அந்தத் தீர்மானத்தை 177 நாடுகள் சேர்ந்து முன்மொழிஞ்சன. அடுத்த வருஷமே டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒண்ணா யோகா செஞ்சாங்க, கின்னஸ் சாதனை. 2018-ல் ராஜஸ்தானின் கோட்டாவில் அது ஒரு லட்சத்தைத் தாண்டுச்சு. 2023-ல் சூரத்தில் சுமார் ஒன்றரை லட்சம். 2025-ல் விசாகப்பட்டினம் கடற்கரையில் மூணு லட்சம். பத்தே வருஷத்துல எட்டு மடங்குக்கும் மேல!

யோகான்னா சாமியார்களுக்கும் வயசானவங்களுக்கும்தான்ங்கிற நினைப்பை உடைச்சதுல இந்தக் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. தனியா பார்க்ல கையைத் தூக்கினா கூச்சமா இருக்கும். ஆயிரம் பேர் தூக்கும்போது யார் உங்களைப் பார்க்கப்போறா?

ஆனா, பிரச்னையும் அங்கேதான். உங்களை யாருமே பார்க்கிறதில்லை.

நான் கல்லூரியில் படிச்சப்போ ஒரு ஜூன் 21-க்கு மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டி-ஷர்ட், அட்டெண்டன்ஸ், தலைக்கு மேல ட்ரோன். முன்னால் குனிஞ்சு பாதத்தைத் தொடச் சொன்னாங்க. பக்கத்துல இருந்தவன் சுலபமா தொட்டுட்டான். நானும் விடாம எக்கினேன். மூணு நாள் இடுப்புப் பிடிப்பு! ட்ரோன்ல எங்க வரிசை அழகா தெரிஞ்சுது. என் முதுகு எப்படி வளைஞ்சிருக்குன்னு சொல்லத்தான் யாரும் இல்லை.

கூட்டத்துக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு

நவீன யோகாவின் தந்தைன்னு பலரும் சொல்ற திருமலை கிருஷ்ணமாச்சார்யா (1888 - 1989) இந்த ரெண்டு பக்கத்தையும் பார்த்தவர். இளமையில் காசியிலும் படிச்சவர். 1930-களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் யோகசாலை நடத்தினப்போ, மக்கள் யோகாவைத் திரும்பிப் பார்க்கணும்னு கூட்டத்துக்கு முன்னால செயல்விளக்கங்கள் நடத்தினார். உலகம் முழுக்கப் பேரெடுத்த பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் எல்லாம் அவர் மாணவர்கள்.

அதே மனிதர் பிற்காலத்தில் சென்னைக்கு வந்து, ஒவ்வொருவரின் வயசு, உடம்பு, நோய் பார்த்து ஆளுக்கு ஏத்த மாதிரி சொல்லிக்கொடுத்தார். அந்த வழியில்தான் 1976-ல் அவர் மகன் தேசிகாச்சார் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். அதாவது, ஆளை இழுக்கக் கூட்டம் வேணும். உடம்பு தேற, உங்களைக் கவனிக்கிற ஒரு ஜோடிக் கண் வேணும்.

இந்தக் கணக்கையும் பாருங்க

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. 2022 நிலவரப்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவிகிதம். பெண்களில் 57 சதவிகிதம். எட்டு யோகா தினங்கள் கொண்டாடி முடிச்ச பிறகான நிலைமை இது.

இது யோகா தினத்தின் தப்பு இல்லை. வருஷத்துல ஒரு காலை எவ்வளவு பிரமாண்டமா இருந்தாலும், மீதி 364 காலைகளை அது மாத்தாது. அஸ்ஸியில் எனக்குப் பிடிச்சது கூட்டம்கூட இல்லை. நேத்தும் நடந்தது, நாளைக்கும் நடக்கும்ங்கிற அந்த விஷயம்தான். நம்ம ஊர்கள்லயும் பூங்கா இருக்கு, கடற்கரை இருக்கு, சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்காங்க. ஆனா காலை ஐந்தரைக்கு அங்கே தெருவிளக்கு எரியுதா? கழிப்பறை திறந்திருக்கா? பயமில்லாம ஒரு பெண் நடந்து வர முடியுமா? எல்லாம் இருந்தாலும், அந்த நேரத்துல நம்ம வீட்டுப் பெண்களில் பலர் எங்கே இருப்பாங்க? அடுப்படியில். கும்பகோணத்து அம்மா சொன்னது அதைத்தானே!

போறதுக்கு முன்னாடி...

* வெறும் வயித்தோட போங்க. இல்லைன்னா சாப்பிட்டு ரெண்டு, மூணு மணி நேரம் கழிச்சு.
* ரத்த அழுத்தம், ஹெர்னியா, சமீபத்திய ஆபரேஷன், கர்ப்பம்... இதுல எது இருந்தாலும் முன்கூட்டியே பயிற்சியாளர்கிட்ட சொல்லுங்க. கபாலபாதி மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சிகளைத் தவிருங்க.
* பக்கத்து ஆளைப் பார்த்து வளையாதீங்க. வலிச்சா அங்கேயே நிறுத்துங்க.
* வட இந்தியாவில் குளிர்காலக் காலைகள் புகைமூட்டமா இருக்கும். போன்ல காற்றின் தரத்தைப் பாருங்க. மோசமா இருந்தா வெட்டவெளியில் வேக மூச்சு வேண்டாம்.
* போட்டோ முன்னாடியே எடுத்துடுங்க. அப்புறம் போனை உள்ள வைங்க.

அடுத்த ஜூன் 21-க்கு உங்க ஊர்லயும் கூட்டம் கூடும். தாராளமா போங்க. ஆனா, 22-ம் தேதி காலையில் அலாரம் வெச்சு எழுந்து, வீட்டுல காபியை நீங்க போடுங்க. அம்மா பார்க்குக்குக் கிளம்பட்டும்!