குடியேற்றத்திற்கு முன் மண் பரிசோதனை

வீடு கட்டப் புகுமுன் மனையில் குழி ஒன்று தோண்டி, தோண்டிய மண்ணையே அதில் திரும்ப இட்டு, மண் மிஞ்சினால் நல்ல மனை என்றும் குறைந்தால் ஆகாத மனை என்றும் தீர்மானிப்பது தமிழ்நாட்டுப் பழைய வழக்கம். மண் இறுக்கமானதா, தளர்ந்ததா என்பதை அச்சோதனை ஒருவாறு காட்டும். ஆனால் அந்நிலத்தில் முன்பு என்ன தொழில் நடந்தது, அத்தொழில் எந்த இரசாயனப் பொருளை விட்டுச் சென்றது என்பதை அது காட்டாது. தொழிற்சாலைகள் இருந்து மறைந்த நகரங்களில் இன்று முதற்கண் அறிய வேண்டுவது இதுவே.

மும்பையிலுள்ள தாராவி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மாஹிம் கழியை அடுத்த சதுப்பு நிலத்தில் உருவான இப்பகுதியில், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் பலர் அதில் உழைத்தனர். 1971 இல் ஆடுமாடு வெட்டும் கூடம் பாந்திராவிலிருந்து செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு மாறிய பின்னர், பதனிடும் சாலைகளும் சிறுகச் சிறுக வெளியேறின. தோற்பை, இடைவார் முதலியன தைக்கும் வேலையே பெரும்பாலும் எஞ்சியது. தொட்டிகள் மறைந்துவிட்டன. அவற்றிலிருந்து நிலத்தில் இறங்கியது எவ்வளவு என்பதை மண்ணைச் சோதித்தாலன்றி அறிய இயலாது.

ஆவாரம்பட்டையால் பதனிடும் பழைய முறைக்குப் பிறகு பரவியது குரோமிய உப்பு முறை. குரோமியம் மண்ணில் இரு வடிவங்களில் காணப்படும். வலுவெண் 3 உடையது நீரில் எளிதில் கரையாது. அதன் தீங்கும் குறைவு. வலுவெண் 6 உடையது நீரில் கரைந்து நெடுந்தொலைவு செல்லும். புற்றுநோய் விளைவிக்கவும் வல்லது. பதனிடுவதற்குப் பயன்படுவது முதல் வகையே. எனினும், மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் சில நிலைமைகளில் அதனை இரண்டாம் வகையாக மாற்றக்கூடும். ஆகவே மொத்தக் குரோமியத்தை அளந்து அத்துடன் நின்றுவிடுதல் போதாது. எந்த வடிவில், எவ்வளவு ஆழத்தில் உள்ளது, நிலத்தடி நீர் எத்திசையில் ஓடுகிறது என்பனவும் தெரிய வேண்டும். கடலேற்றத்தின் தாக்கம் உள்ள தாழ்நிலத்தில் இக்கடைசி வினா மிக முக்கியமானது.

நல்ல மருத்துவன் நோயாளியின் முன்வரலாற்றைக் கேட்ட பின்னரே நாடி பார்ப்பான். நிலப் பரிசோதனையும் அவ்வாறே. பழைய வரைபடங்கள், உரிமப் பதிவேடுகள், முதிய தொழிலாளரின் நினைவு ஆகியவற்றால் எவ்விடத்தில் என்ன தொழில் நடந்தது என்று முதலில் அறிய வேண்டும். பின்னர் பல இடங்களில், பல ஆழங்களில் மண்ணும் நீரும் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். இறுதியாக, நச்சு மனிதரை அடையும் வழி தூசியா, குடிநீரா, கீழிருந்து எழும் ஆவியா என்று கண்டு முடிவு கூற வேண்டும்.

மத்திய அரசாங்கம் 2025 ஜூலையில் வெளியிட்ட மாசுற்ற நிலங்கள் பற்றிய விதிகள் இம்முறைக்குச் சட்ட வடிவம் தந்துள்ளன. ஐயத்திற்குரிய நிலங்களை உள்ளூராட்சி அல்லது மாவட்ட நிர்வாகம் அறிவிக்க, முதற்கட்ட ஆய்வு 90 நாட்களிலும், விரிவான ஆய்வு அடுத்த 3 மாதங்களிலும் முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. இது வரவேற்கத் தக்கது. எனினும் ஓர் இடைவெளி உண்டு. குப்பை மேட்டுத் திடக்கழிவால் வரும் மாசு இவ்விதிகளில் நேராக அடங்காது. வேறு நச்சுப்பொருள் கலந்து வரம்பை மீறினால்தான் அடங்கும்.

இந்த இடைவெளி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தாராவித் திட்டத்தில் பலரை வெளியே குடியேற்றுவதற்காக, 1927 முதல் குப்பை கொட்டப்பட்டுவந்த தேவ்னார் நிலத்தில் ஏறத்தாழ 124 ஏக்கரை அளிக்க மகாராஷ்டிர அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. குப்பையை அகற்றுவது ஒரு வேலை. அகற்றிய பின் எஞ்சும் மண்ணையும், ஊறிய நீரையும், மீதேன் வாயுவையும் சோதிப்பது மற்றொரு வேலை. முதலாவது முடிந்ததாலேயே இரண்டாவதும் முடிந்ததாகக் கொள்வது அறிவியலுக்கு ஒவ்வாது.

சேரி மக்கள் இப்பொழுதே மாசின் நடுவில்தானே வாழ்கின்றனர், ஆய்வு என்னும் பெயரால் வீடு தாமதமாவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வீட்டின் அவசரம் உண்மையே. ஆனால் மூடிக்கிடக்கும் மண்ணைக் கடைக்கால் தோண்டும் இயந்திரம் மேலே கொணர்கிறது என்பதை மறத்தலாகாது. அன்றியும், செம்பூரை அடுத்த மாகுல் கற்பித்த பாடம் அண்மையில் உள்ளது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே வீடுகளைக் கட்டி மக்களைக் குடியேற்றிய பின் காற்றைப் பற்றிய வழக்குகள் எழுந்தன. அங்கு வாழுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2019 இல் கூற நேர்ந்தது. முன்னரே செய்யும் ஆய்வுக்கு ஆறு மாதம் போதும். பின்னர் நேரும் இழப்புக்கு எல்லையில்லை.

பொறுப்பைத் தள்ளிப்போட்டால் விளைவது யாதென்பதை இராணிப்பேட்டை காட்டுகிறது. அங்கே 1990களின் இடையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு தேங்கி, நிலத்தடி நீரைக் கெடுத்து வந்துள்ளது. ஆலை மூடப்பட்டால் ஊதியம் நின்றுவிடும், நச்சு நிற்பதில்லை.

ஆகவே, குடியேற்ற நிலம் எதுவாயினும், மண், நீர் ஆய்வின் முடிவு வெளியான பின்னரே கட்டட அனுமதி வழங்குதல் வேண்டும். அம்முடிவு ஆங்கில அறிக்கையாக அலுவலகத்தில் உறங்காமல், அங்கே குடியேறப் போகிறவர்களின் மராத்தி, இந்தி, தமிழ், உருது மொழிகளில் எளிய நடையில் அவர்கள் கைக்குச் சேர வேண்டும். வீட்டுச் சாவியைப் பெறுவோருக்கு, அவ்வீடு நிற்கும் மண்ணின் இயல்பை அறியும் உரிமையும் உண்டு.