நாம் வளர்க்காமல் வளர்த்த ஆமைகள்

தில்லியில் ஆமை வளர்க்கும் வீடுகளில் சில வருடங்கள் போனதும் ஒரு பேச்சு எழும். "பாவம், எத்தனை நாள்தான் தொட்டியிலேயே கிடக்கும்? கொண்டுபோய் யமுனையில் விட்டுவிடலாமே." சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பேச்சு எழும் நேரத்தைப் பாருங்கள். ஆமை வேண்டும் என்று அடம்பிடித்த பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போயிருக்கும். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியதாக வந்த குஞ்சு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருக்கும். பால்கனித் தொட்டி நாறுகிறது என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருப்பார்கள். நமக்குச் சலிப்புத் தட்டிய பிறகுதான் ஆமையின் விடுதலை பற்றிய நினைப்பே நமக்கு வந்தது.

மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் ஆர்.கே. புரத்திலும் குடியிருக்கும் தமிழர்களான நாமும் இதற்கு விலக்கல்ல. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே வந்ததும், வீட்டின் வடக்கே ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்ற வாஸ்துப் பேச்சை நம்பினோம். இரண்டு நம்பிக்கைக்கும் வீட்டைப் பற்றித்தான் கவலை. ஆமைக்கு என்ன ஆகும் என்று எதிலும் கேள்வி இல்லை. நாமும் கேட்கவில்லை.

நாம் வாங்கியவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஓடும் சிவப்புக் காது ஆமைகள். அவற்றின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது ஆண்டுகள்கூட வாழும். குழந்தைகளுக்கு சால்மோனெல்லா கிருமி தொற்றுகிறது என்று, நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைக் குஞ்சுகளை விற்க அமெரிக்காவே 1975இல் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இந்த இனத்தின் இறக்குமதியை நிறுத்தியது. ஜப்பானில் 2023 ஜூன் முதல் இதை விற்பதும் வெளியே விடுவதும் குற்றம். இவை எதையும் விசாரிக்காமல், பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட சின்னக் கிண்ணத்தோடு சேர்த்து வாங்கி வந்தோம்.

வளர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் ஆமையின் ஓட்டு விளிம்பைக் கட்டைவிரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் கிடைத்து வளர்ந்த ஆமையின் ஓடு கெட்டியாக இருக்கும். நம் வீடுகளில் பல ஆமைகளுக்கு அது அமுங்குகிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் வருகிறதே, போதும் என்றிருந்தோம். எலும்புக்கும் ஓட்டுக்கும் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காய்ந்த இறாலையே தினமும் போட்டதால் வைட்டமின் ஏ குறைந்து, இமை வீங்கிக் கண் மூடிப்போனது. 'தூங்குகிறது' என்று கடந்து போனோம். ஜனவரிக் குளிரில் நாம் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அது பால்கனித் தண்ணீரில் இரை எடுக்காமல் விறைத்துக் கிடந்தது. நட்சத்திர ஆமை வைத்திருந்தவர்கள் சப்பாத்தியும் தக்காளியும் கொடுத்தார்கள். ஓட்டின் கட்டங்கள் கூம்பு கூம்பாகப் புடைத்தன. அது அழகு என்று படம் எடுத்தோம்.

இப்படி வளர்த்ததைத்தான் ஆற்றில் விடப் பார்க்கிறோம். எந்த ஆற்றில்? வஜீராபாத் தாண்டியதும் நஜஃப்கட் கால்வாய் யமுனையில் கலக்கிறது. அங்கிருந்து ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டர், ஆற்றின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. யமுனையின் மாசில் முக்கால் பங்கு சேர்வது இந்த இடத்தில்தான். தேசிய அருங்காட்சியகத்தில் அகிச்சத்ரத்தில் கிடைத்த குப்தர் காலத்துச் சுடுமண் யமுனை ஆளுயரத்துக்கு நிற்கிறாள், காலடியில் ஆமை. அவளுடைய வாகனம் அது. அந்த வாகனத்தை அவளுடைய ஆற்றிலேயே பிழைக்க முடியாமல் செய்த நகரவாசிகள் நாம்.

ஆமை செத்துப்போனால் ஒரு உயிரோடு போயிற்று. பிழைத்துவிட்டால் கேடு இன்னும் பெரிது. சிவப்புக் காது ஆமை மீன் குஞ்சு, தலைப்பிரட்டை, நீர்ச்செடி எல்லாம் தின்னும். வெயில் காய நம் நாட்டு ஆமைகள் ஏறும் கல்லையும் கட்டையையும் பிடித்துக்கொள்ளும். தொட்டியில் பிடித்த நோயைக் குளத்துக்குக் கொண்டுபோகும். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. கருணை என்று நினைத்து நாம் திறக்கும் கூடை இன்னொரு ஆமைக்கு எமனாகும்.

ஆமையை ஆற்றில் விடுவது எப்படி என்று தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் சம்பல் சரணாலயத்துக்குள் இருக்கும் கடைதா மையத்தில் வளர்ந்த செம்முடிக் கூரை ஆமைகள் இருபதை, ஹைதர்பூர் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோய் கங்கையில் விட்டார்கள். அந்த இனம் கங்கையில் முப்பது ஆண்டுகளாக அநேகமாகக் கண்ணில் படாமலே போயிருந்தது. ஒவ்வொன்றின் உடலிலும் ஒலிக்கருவி பொருத்தி, எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். ஆமையை விட்ட பிறகுதான் அவர்களுடைய பெரிய வேலையே தொடங்கியது.

நட்சத்திர ஆமையும் நம் ஊர்க் குளத்து ஆமைகள் பலவும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வைத்திருப்பதே குற்றம். அதற்காகப் பயந்து அசோலா காட்டில் இரவோடு இரவாக விடுவது தீர்வாகாது. நட்சத்திர ஆமை ராஜஸ்தான், குஜராத் பக்கமும் நம் தமிழ்நாடு, ஆந்திரப் பக்கமும் வாழும் இனம். எந்த ஊரில் பிடித்தது என்று தெரியாததை எந்தக் காட்டில் சேர்ப்பது? அதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் தில்லி வனத்துறையினர். வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு அவர்களிடம் ஒப்படையுங்கள்.

சிவப்புக் காது ஆமையை எடுத்துக்கொள்ள அநேகமாக யாரும் வரமாட்டார்கள். அது நம்மோடுதான் இருக்க வேண்டும். பெரிய தொட்டி வாங்குங்கள், ஏறி உட்கார ஒரு மேடை வையுங்கள், நேர் வெயில் காட்டுங்கள், புற ஊதா விளக்கும் குளிருக்குத் தண்ணீர் ஹீட்டரும் பொருத்துங்கள். இறாலைக் குறைத்துக் கீரை போடுங்கள். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். நமக்குப் பிறகு வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். இன்னொரு ஆமையை மட்டும் வாங்காதீர்கள்.